வான்வழி நோயாளர் போக்குவரத்தில் அதிர்வு

விமானத்திலோ ஹெலிகாப்டரிலோ ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குக் கொண்டுசெல்லப்படும் நோயாளியின் உடல், எஞ்சின், சுழல் இறக்கை, காற்றுக் கொந்தளிப்பு, ஓடுதளம் ஆகியவற்றால் எழும் அதிர்வுக்கு வழி நெடுக உள்ளாகிறது. இந்த அதிர்வின் தன்மை, அதை அளக்கும் முறை, நோயாளிக்கும் கருவிகளுக்கும் அதனால் ஏற்படும் விளைவு, அதைக் குறைக்கும் வழிகள் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

அதிர்வை மருந்தைப் போல எண்ணிப் பார்த்தால் எளிதில் விளங்கும். மருந்தில் எவ்வளவு, எத்தனை வேளை, எத்தனை நாள் என்று பார்க்கிறோம். அதிர்விலும் எவ்வளவு வலுவானது, நொடிக்கு எத்தனை முறை, உடலின் எந்தத் திசையில், எவ்வளவு நேரம் என்ற நான்கையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பறக்கும் நேரத்தை மட்டும் பார்த்தாலும் போதாது. விமானம் இறங்கிய பிறகு சாலையில் செல்லும் நேரமும் அதே கணக்கில் சேரும்.

வேலூர் வட்டாரத்தில் இதன் இடம்

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை (சி.எம்.சி.) 1900-ஆம் ஆண்டு ஐடா ஸ்கடர் அம்மையாரால் ஒரே ஒரு படுக்கையுடன் தொடங்கப்பட்டது. இன்று மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், அசாம் முதலிய மாநிலங்களிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் நோயாளிகள் இங்கு வருகின்றனர். பெரும்பாலோர் இரயிலில் காட்பாடி சந்திப்பில் வந்து இறங்குகின்றனர். இரயிலில் வர இயலாத நிலையில் உள்ள சிலருக்கு ஏர் ஆம்புலன்ஸ் தேவைப்படுகிறது.

தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு இந்த ஊரோடு தனித் தொடர்பு உண்டு. 1954-இல் சாலை விபத்தொன்றில் தண்டுவடம் பாதிக்கப்பட்ட மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே மருத்துவப் பணியைத் தொடர்ந்தார். வேலூரை அடுத்த பாகாயத்தில் 1966-இல் மறுவாழ்வு நிலையம் அமைய அவரே காரணமானார். அத்தகைய நோயாளிகளுக்குப் பயணக் குலுக்கம் வெறும் அசௌகரியம் அன்று. வழியில் முதுகெலும்பு அசைந்துவிடாமல் பார்த்துக்கொள்வது சிகிச்சையின் ஒரு பகுதியே.

வேலூரை அடுத்த அப்துல்லாபுரத்தில் ஒரு சிறிய விமான ஓடுதளம் உண்டு. மத்திய அரசின் உடான் திட்டத்தின்கீழ் அது மேம்பாட்டுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. ஆயினும் வேலூருக்கு ஏர் ஆம்புலன்சில் வருபவர்கள் பொதுவாகச் சென்னை போன்ற பெரிய விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து சாலை வழியாக வர வேண்டியுள்ளது. சென்னை விமான நிலையத்திலிருந்து வேலூர் ஏறத்தாழ 130 கிலோமீட்டர். ஆம்பூருக்கு இன்னும் 50 கிலோமீட்டர் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே இந்த வட்டாரத்தைப் பொறுத்தவரை வான்வழிப் பயணம் என்பது வானும் சாலையும் சேர்ந்ததே.

அடிப்படைக் கருத்துகள்

ஒரு பொருள் தன் நிலையிலிருந்து முன்னும் பின்னும் மீண்டும் மீண்டும் அசைவது அதிர்வு. ஒரு நொடியில் எத்தனை முறை அசைகிறதோ அதுவே அதிர்வெண். அதன் அலகு ஹெர்ட்ஸ். அதிர்வின் வலிமையைப் பெரும்பாலும் முடுக்கமாக, அதாவது மீட்டர்/நொடி² என்ற அலகில் குறிப்பிடுவர்.

அதிர்வெண் மாறினால் விளைவும் மாறும் என்பதற்கு ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகளிலேயே சான்று உண்டு. தோல் பதனிடும் பெரிய மர டிரம் நிமிடத்துக்குச் சில சுற்றுகளே சுற்றும். அந்த மெதுவான புரட்டலில் சாயமும் பதச்சரக்கும் தோலுக்குள் இறங்கும். அதே தோல் காய்ந்து விறைத்த பின் ஸ்டேக்கிங் மெஷினில் செல்லும். அங்கு மழுங்கிய பல முனைகள் வேகமாக அடித்து அதை மிருதுவாக்கும். தோல் ஒன்றுதான். ஆனால் மெதுவான அசைவு செய்யும் வேலையை வேகமான அடி செய்யாது, வேகமான அடி செய்வதை மெதுவான அசைவு செய்யாது. மனித உடலும் இவ்வாறே வெவ்வேறு அதிர்வெண்களுக்கு வெவ்வேறு விதமாக நடந்துகொள்கிறது.

ஒவ்வொரு பொருளுக்கும் இயல்பான அதிர்வெண் ஒன்று உண்டு. வெளியிலிருந்து வரும் அதிர்வு அதனோடு ஒத்துப்போனால் அசைவு பெருகும். இது ஒத்ததிர்வு எனப்படும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் சிறு தள்ளலிலேயே அது உயரச் செல்வதைப் பிள்ளைகள் அறிவர். உட்கார்ந்திருக்கும் மனித உடல் மேல்கீழ் அசைவில் ஏறத்தாழ 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வை மிகுதியாக உணர்கிறது. 0.1 முதல் 0.5 ஹெர்ட்ஸ் வரையிலான மிக மெதுவான ஆட்டம் குமட்டலையும் வாந்தியையும் உண்டாக்கும். கப்பலிலும் மலைப்பாதைப் பேருந்திலும் தலைசுற்றுவது இதனால்தான்.

படுத்திருப்பவருக்குத் திசை மாறிவிடுகிறது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். தரை மேலும் கீழும் அதிர்ந்தால், உட்கார்ந்திருப்பவருக்கு அது இடுப்பிலிருந்து தலையை நோக்கிச் செல்லும். மல்லாந்து படுத்திருக்கும் நோயாளிக்கு அதே அதிர்வு முதுகிலிருந்து மார்பை நோக்கிச் செல்லும். தலையும் நேரடியாகப் படுக்கையின் மீது இருப்பதால், கழுத்தும் முதுகும் தாங்கித் தணிக்க வேண்டிய அதிர்வு நேராகவே தலையைச் சேர்கிறது.

அதிர்வு எங்கிருந்து வருகிறது

ஹெலிகாப்டரில் முதன்மையான அதிர்வு மேலே சுழலும் பெரிய இறக்கைகளிலிருந்து வருகிறது. அதன் அதிர்வெண்ணை மாணவர்களே கணக்கிட்டு விடலாம். நிமிடச் சுற்றுகளை 60-ஆல் வகுத்து, இறக்கைகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் போதும்.

பெல் 206 ஹெலிகாப்டரில் 2 இறக்கைகள் நிமிடத்துக்கு ஏறத்தாழ 394 சுற்றுகள் சுற்றுகின்றன. 394 ÷ 60 = 6.57, 6.57 × 2 = 13.1 ஹெர்ட்ஸ்.

இந்திய விமானப்படை பயன்படுத்தும் எம்.ஐ.-17 ஹெலிகாப்டரில் 5 இறக்கைகள் நிமிடத்துக்கு ஏறத்தாழ 192 சுற்றுகள் சுற்றுகின்றன. 192 ÷ 60 = 3.2, 3.2 × 5 = 16 ஹெர்ட்ஸ்.

சிறிய டர்போப்ராப் விமானங்களும் ஏர் ஆம்புலன்சாகப் பயன்படுகின்றன. 4 இறக்கை கொண்ட புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 1,700 முறை சுற்றினால், 1,700 ÷ 60 × 4 = 113 ஹெர்ட்ஸ். இவ்வளவு வேகமான அதிர்வு உடலுக்குள் ஆழமாகச் செல்லாது. பெரும்பாலும் இரைச்சலாகவும், கைப்பிடியைத் தொட்டால் உணரும் நடுக்கமாகவும் இருக்கும். விமானத்தில் நோயாளியை அசைப்பது பெரும்பாலும் இதுவன்று. மேகங்களுக்கிடையே வரும் காற்றுக் கொந்தளிப்பு, ஓடுதளத்தில் சக்கரம் உருளும்போது எழும் குலுக்கம், தரையைத் தொடும் கணத்தின் அடி ஆகியவையே முக்கியமானவை.

விமானம் கிளம்பும்போதும் நிற்கும்போதும் ஏற்படும் வேகமாற்றம் அதிர்வு அல்ல என்றாலும் அதையும் கவனிக்க வேண்டும். தலை விமானத்தின் முன்பக்கம் இருக்குமாறு படுத்திருப்பவருக்கு, கிளம்பும்போது இரத்தம் கால்பக்கம் தள்ளப்படும். தரையிறங்கிப் பிரேக் பிடிக்கும்போது தலைப்பக்கம் தள்ளப்படும். நோயாளியை எந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்க வைப்பது என்பதை மருத்துவக் குழு யோசிப்பது இதனால்தான்.

சாலையில் செல்லும் ஆம்புலன்சில் சஸ்பென்ஷன் காரணமாக எழும் மெதுவான ஆட்டம், டயர் குதிப்பால் வரும் வேகமான அதிர்வு ஆகியவற்றோடு வேகத்தடை, குழி, திடீர்ப் பிரேக் ஆகியவற்றின் அதிர்ச்சிகளும் சேர்கின்றன. நான்கு வழிச்சாலையில் சீராகச் செல்லும் வண்டி, சர்வீஸ் ரோட்டில் இறங்கி ஊருக்குள் நுழையும்போது எப்படி மாறுகிறது என்பது சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் பயணித்தவர்களுக்குத் தெரியும்.

அளவிடும் முறை

உடல் முழுவதும் படும் அதிர்வை அளக்க ஐ.எஸ்.ஓ. 2631-1 என்ற பன்னாட்டுத் தரநிலை 1997-இல் வெளியிடப்பட்டது. உடலுக்கும் படுக்கைக்கும் இடையில் முடுக்கமானியை வைத்து மூன்று திசைகளிலும் அளப்பர். உடல் மிகுதியாக உணரும் அதிர்வெண்களுக்கு அதிக மதிப்பும் மற்றவற்றுக்குக் குறைந்த மதிப்பும் கொடுத்து ஓர் எண்ணைப் பெறுவர்.

அந்த எண் 0.315 மீட்டர்/நொடி²-க்குக் கீழ் இருந்தால் பொதுவாக அசௌகரியம் இராது என்றும், 2-க்கு மேல் சென்றால் மிகக் கடுமையான அசௌகரியம் என்றும் அத்தரநிலையின் வழிகாட்டுதல் கூறுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் தொழிலாளர்களுக்கென ஒரு வரம்பை வகுத்தது. எட்டு மணி நேர வேலைக்கு 0.5-ஐ எட்டினால் நடவடிக்கை எடுக்க வேண்டும், 1.15-ஐத் தாண்டக் கூடாது.

இந்த எண்களைப் பயன்படுத்துவோர் ஒன்றை மறக்கக் கூடாது. இவை டிராக்டரும் கிரேனும் ஓட்டும் நலமான பெரியவர்களை மனத்தில் வைத்து உருவானவை. எலும்பு முறிந்தவருக்கோ, மூளையில் இரத்தக்கசிவு உள்ளவருக்கோ, ஒரு கிலோ எடையுள்ள குறைமாதக் குழந்தைக்கோ உருவானவை அல்ல. ஆகவே "வரம்புக்குள்தான் இருக்கிறது" என்ற சொல் நோயாளிக்குப் பாதுகாப்பு என்று பொருள்படாது.

சராசரி எண் திடீர் அதிர்ச்சிகளை மறைத்துவிடும் என்பதும் ஒரு குறை. ஒரு மணி நேரம் சீராகச் சென்று ஒரே ஒரு குழியில் விழுந்தால் சராசரி அதிகம் மாறாது. முறிந்த எலும்புக்கோ அந்த ஒரு குழிதான் பயணம் முழுவதும். அதனால் முடுக்கத்தின் நான்காம் அடுக்கை வைத்துக் கணக்கிடும் மற்றொரு முறையும் தரநிலையில் உள்ளது. அதில் திடீர் அடிகளுக்குக் கூடுதல் மதிப்பு கிடைக்கும்.

பயணம் முழுவதையும் கணக்கிடுதல்

அதிர்வின் அளவைக் கூட்டும்போது முடுக்கத்தின் வர்க்கத்தை நேரத்தால் பெருக்கிக் கூட்ட வேண்டும். கணக்கு விளங்குவதற்காகச் சில மதிப்புகளை எடுத்துக்கொள்வோம். இவை அளந்து பெற்றவை அல்ல.

கொல்கத்தாவிலிருந்து சென்னைக்கு 3 மணி நேரப் பறப்பு; சராசரி 0.2 மீட்டர்/நொடி². அதன் பங்கு 0.2 × 0.2 × 3 = 0.12.

சென்னையிலிருந்து வேலூருக்கு 3 மணி நேரச் சாலைப் பயணம்; சராசரி 0.5 மீட்டர்/நொடி². அதன் பங்கு 0.5 × 0.5 × 3 = 0.75.

மொத்தம் 0.87. இதில் சாலையின் பங்கு ஏறத்தாழ 86 விழுக்காடு. 0.87-ஐ 8-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் எட்டு மணி நேரச் சமமதிப்பு 0.33 கிடைக்கும்.

இரண்டு பகுதிகளுக்கும் நேரம் ஒன்றே. ஆனால் முடுக்கம் இரண்டரை மடங்கு கூடியதால் அதிர்வின் பங்கு ஆறு மடங்குக்கு மேல் கூடிவிட்டது. விமானத்துக்குப் பெரும் பணம் செலவிட்ட குடும்பம், கடைசி 130 கிலோமீட்டருக்கு எந்த வண்டி வருகிறது என்று கேட்காமல் விட்டால் எதை இழக்கக்கூடும் என்பதை இந்தச் சிறு கணக்கு காட்டுகிறது.

ஹெலிகாப்டரில் கணக்கு வேறாக இருக்கலாம். பச்சிளங்குழந்தைகளின் போக்குவரத்தைப் பற்றி 2011-இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வு, ஹெலிகாப்டரையும் சாலை ஆம்புலன்சையும் ஒப்பிட்டது. சீரான ஓட்டத்தில் அதிர்வும் இரைச்சலும் ஹெலிகாப்டரில் கூடுதலாக இருந்தன. ஆனால் திடீர்க் குலுக்கம், பிரேக் போன்ற அதிர்ச்சிகள் சாலை ஆம்புலன்சிலேயே அடிக்கடி நேர்ந்தன. எந்த வண்டி சிறந்தது என்று ஒரே சொல்லில் விடை சொல்ல முடியாததற்கு இது நல்ல சான்று.

நோயாளிக்கு ஏற்படும் விளைவுகள்

மிதமான அதிர்வில் நலமான உடல் தசைகளை இறுக்கித் தன்னைத் தாங்கிக்கொள்கிறது. இதயத் துடிப்பும் மூச்சும் சற்றே கூடும். மயக்கத்தில் இருப்பவருக்கும், தசை தளர்த்தும் மருந்து கொடுக்கப்பட்டவருக்கும் இந்தத் தற்காப்பு இராது.

எலும்பு முறிவு உள்ளவர்களுக்கு ஒவ்வோர் அசைவும் வலியாகிறது. வலி கூடினால் இரத்த அழுத்தமும் துடிப்பும் கூடும். தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு உடல் பக்கவாட்டில் உருள்வதும் கழுத்து அசைவதும் ஆபத்தானவை. குமட்டல் உள்ளவர் மல்லாந்து கட்டப்பட்ட நிலையில் வாந்தி எடுத்தால் அது மூச்சுக்குழாய்க்குள் செல்லக்கூடும். ஆதலால் புறப்படும் முன்பே மருந்து கொடுப்பது உண்டு.

குறைமாதக் குழந்தைகளின் மூளை இரத்தக்குழாய்கள் மிக மென்மையானவை. பிறந்தபின் வேறு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்ட குழந்தைகளிடம் மூளை இரத்தக்கசிவு கூடுதலாகக் காணப்படுகிறது என்று பல ஆய்வுகள் கூறுகின்றன. அதில் அதிர்வின் பங்கு எவ்வளவு, குழந்தையின் நோய்நிலையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆயினும் மருத்துவர்கள் ஒன்றில் உடன்படுகின்றனர். குறைப்பிரசவம் வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால், பிறக்கும் முன்பே தாயைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதே நல்லது. தாயின் வயிற்றைவிடச் சிறந்த ஆம்புலன்சு குழந்தைக்கு இல்லை.

வான்வழிப் பயணத்தில் அதிர்வு மட்டுமே இடர் அன்று. உயரம் கூடக் கூட அழுத்தம் குறைவதால் உடலுக்குள் அடைபட்ட காற்று விரிவடையும். விமான அறையின் அழுத்தம் 8,000 அடி உயரத்துக்கு ஒப்பாக இருக்கும்போது அந்தக் காற்றின் கனஅளவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடும். நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்தவருக்கு இது அதிர்வைவிடப் பெரிய ஆபத்து. எதை முதலில் கவனிப்பது என்பதை மருத்துவரே முடிவு செய்வார்.

கருவிகளுக்கு ஏற்படும் விளைவுகள்

கையில் பட்டை கட்டி இரத்த அழுத்தம் அளக்கும் தானியங்கிக் கருவி, பட்டைக்குள் எழும் மெல்லிய துடிப்பை உணர்ந்து வேலை செய்கிறது. வண்டி அதிர்ந்தால் எது துடிப்பு, எது குலுக்கம் என்று அதனால் பிரித்தறிய முடியாமல் போகலாம். விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவியும், இ.சி.ஜி. கோடும் இவ்வாறே தடுமாறும். ஹெலிகாப்டர் இரைச்சலில் ஸ்டெதாஸ்கோப் பயனற்றுப் போகும். அதனால்தான் தீவிர நோயாளிகளுக்குத் தமனிக்குள் செலுத்திய குழாய் வழியே அழுத்தத்தை நேரடியாக அளப்பதுண்டு.

விமானத்தில் பொருத்தப்படும் கருவிகள் அதிர்வைத் தாங்குமா என்று சோதிக்க டி.ஓ.-160 என்ற தரநிலை உள்ளது. மருத்துவமனை வார்டில் நன்றாக வேலை செய்யும் கருவி, வானிலும் அப்படியே வேலை செய்யும் என்று கொள்ள முடியாது.

மெத்தை போட்டால் போதுமா

நோயாளிக்குக் குலுக்கம் தெரியாமலிருக்கத் தலையணைகளையும் கம்பளிகளையும் அடுக்குவது வீட்டார் வழக்கம். அன்பினால் செய்யும் செயல் ஆயினும், இயற்பியல் வேறொன்று சொல்கிறது.

மெத்தையும் அதன்மேல் உள்ள உடலும் சேர்ந்து ஒரு சுருளும் எடையும் போல நடந்துகொள்ளும். அந்த அமைப்பின் இயல்பு அதிர்வெண்ணைப் போல 1.41 மடங்குக்கு மேல் உள்ள அதிர்வுகளைத்தான் மெத்தை குறைக்கும். அதற்குக் கீழ் உள்ளவற்றைக் குறைக்காது. இயல்பு அதிர்வெண்ணை ஒட்டி வருபவற்றைப் பெருக்கவும் செய்யும்.

எடுத்துக்காட்டாக, இயல்பு அதிர்வெண் 6 ஹெர்ட்ஸ் என்று கொள்வோம். 6 × 1.41 = 8.5. ஹெலிகாப்டரின் 13 அல்லது 16 ஹெர்ட்ஸ் அதிர்வை அந்த மெத்தை குறைக்கும். சாலையில் எழும் 2 ஹெர்ட்ஸ் ஆட்டத்தை அப்படியே கடத்தும். 5, 6 ஹெர்ட்ஸ் குலுக்கத்தைக் கூட்டிவிடும். வானில் உதவிய மெத்தையே சாலையில் எதிராகத் திரும்பக்கூடும்.

எலும்பும் தண்டுவடமும் பாதிக்கப்பட்டவர்களுக்கு வெற்றிட மெத்தை பயன்படுத்தப்படுகிறது. சிறு மணிகள் நிரம்பிய பையின் மேல் நோயாளியைக் கிடத்தி உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சினால், பை உடலின் வடிவத்துக்கு இறுகிவிடும். அதன் முதல் வேலை அதிர்வை விழுங்குவது அன்று. உடலின் பாகங்கள் ஒன்றுக்கொன்று எதிராக அசையாமல் பிடித்துக்கொள்வது.

குறைக்கும் வழிகள்

புறப்படும் முன்பே நோயாளியின் நிலையைச் சீராக்குவது முதல் வழி. மூச்சுக்குழாய், சலைன் குழாய், வடிகுழாய் ஆகியவற்றை உறுதியாகக் கட்டிவிட்டால் வழியில் கழன்றுவிடும் அச்சம் குறையும். வலி மருந்தை வலி வந்தபின் கொடுப்பதைவிட முன்னரே கொடுப்பது நல்லது.

விமானி கொந்தளிப்பான பகுதியைச் சுற்றிச் செல்லலாம்; உயரத்தை மாற்றலாம். சாலையில் ஓட்டுநரின் பங்கு இதற்குக் குறைந்ததன்று. வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் பள்ளத்தின் அடி பெரிதும் குறையும். ஆனால் நேரம் கூடும். நொடிகள் முக்கியமான நோயாளிக்கு வேகமும், ஏற்கெனவே சீராக்கப்பட்ட நோயாளிக்கு மென்மையும் தேவை. மாற்றுமருத்துவமனைக்குச் செல்லும் பெரும்பாலோர் இரண்டாம் வகையினர் என்பதை ஓட்டுநரிடம் சொல்வது மருத்துவக் குழுவின் கடமை.

ஒரு படுக்கையிலிருந்து இன்னொரு படுக்கைக்குத் தூக்கி மாற்றும் ஒவ்வொரு முறையும் ஓர் அதிர்ச்சியே. மருத்துவமனைக் கட்டில், ஆம்புலன்ஸ், விமானம், மீண்டும் ஆம்புலன்ஸ், மீண்டும் கட்டில் என்று குறைந்தது நான்கு மாற்றங்கள் உண்டு. ஒரே ஸ்ட்ரெச்சரில் முழுப் பயணமும் முடிந்தால் இவற்றில் இரண்டைக் குறைக்கலாம்.

குடும்பத்தார் கேட்க வேண்டியவை

விமானப் பயணம் வேண்டுமா என்பது மருத்துவரின் முடிவு. ஆயினும் குடும்பத்தார் சில கேள்விகளைத் தயங்காமல் கேட்கலாம்.

1. விமானம் இறங்கும் இடத்திலிருந்து மருத்துவமனைக்குச் சாலைத் தொலைவு எவ்வளவு? அந்த வண்டியை யார் ஏற்பாடு செய்கிறார்கள்?
2. விமானத்தில் வரும் மருத்துவரும் செவிலியரும் மருத்துவமனை வாசல் வரை உடன் வருவார்களா?
3. ஸ்ட்ரெச்சர் எத்தனை முறை மாற்றப்படும்?
4. முதுகெலும்பு, எலும்பு முறிவுக்கு வெற்றிட மெத்தை உண்டா?
5. வலிக்கும் வாந்திக்கும் முன்கூட்டியே மருந்து கொடுக்கப்படுமா?
6. நோயாளியின் நிலை சீராக உள்ளதென்றால், ஒரு நாள் பொறுத்துப் பகலில் செல்வது நல்லதா?

மாணவர்களுக்கு ஒரு செயல்முறை

இக்காலக் கைப்பேசிகளில் முடுக்கமானி உள்ளது. ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃபைபாக்ஸ் என்ற இலவசச் செயலி அதன் அளவுகளைக் கோட்டுப்படமாகக் காட்டும். ஆம்பூரிலிருந்து வேலூருக்குப் பேருந்தில் செல்லும்போது, புவியீர்ப்பு நீங்கிய முடுக்கத்தைத் தேர்ந்தெடுத்து, கைப்பேசியை இருக்கையில் தட்டையாக வைத்துப் பத்து நிமிடம் பதிவு செய்யுங்கள். நெடுஞ்சாலையில் ஒரு பதிவும், ஊருக்குள் ஒரு பதிவும் எடுத்து ஒப்பிடுங்கள். பின்னர் கைப்பேசிக்கு அடியில் மடித்த துண்டை வைத்து மீண்டும் எடுங்கள். துண்டு எதைக் குறைத்தது, எதைக் குறைக்கவில்லை என்று பாருங்கள். கைப்பேசி தரும் எண், உடலின் உணர்வுக்கேற்ப மதிப்பிடப்பட்டது அன்று. ஆகவே மேலே சொன்ன வரம்புகளோடு அதை நேரடியாக ஒப்பிடக் கூடாது. ஒரு பதிவை இன்னொரு பதிவோடு ஒப்பிடுவதற்கு அது போதும்.

வரலாறு

நோயாளிக்காக விமானம் என்ற எண்ணம் பழையது. ஆஸ்திரேலியாவில் பறக்கும் மருத்துவர் சேவை 1928-இல் தொடங்கியது. 1950 முதல் 1953 வரை நடந்த கொரியப் போரில், சிறிய பெல் ஹெலிகாப்டர்களின் வெளிப்புறத்தில் ஸ்ட்ரெச்சரைக் கட்டிக் காயம்பட்டவர்களைக் கொண்டுசென்றனர். தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008-இல் தொடங்கியது. ரிஷிகேஷ் எய்ம்ஸ் மருத்துவமனையில் ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் 2024 அக்டோபரில் தொடங்கிவைக்கப்பட்டது. வேகமாகக் கொண்டுசேர்ப்பதே தொடக்க காலத்தின் கவலை. சேரும்போது நோயாளி எந்த நிலையில் இருக்கிறார் என்ற கவலை பின்னர் வந்தது. அதிர்வை அளக்கத் தொடங்கியது அந்தக் கவலையினால்தான்.